இடது பக்கத்துக் கோளாறு

கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க தம்பி. அப்படியில்லை, நல்லா. பழைய வண்டி, தகரம் கெட்டி. ஆங், இப்பச் சரி. பெல்ட்டும் போட்டுக்குங்க.

நீங்க பாக்க வந்த வண்டி இது இல்லைங்க. அது மேல கோத்தகிரியில நம்ம வீட்டு ஷெட்டுல நிக்குது. இதுவும் கெஸ்ட்ராதான், ஆனா முதல் மாடல். நீங்க வாங்கறதுக்கு வந்திருக்கறது மூணாவது மாடல். பஸ்லயே மேல வந்துக்கறேன்னு போன்ல சொன்னீங்க. எதுக்குங்க? கோபியில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ல வந்தது போதாதா? மலை ஏறி முடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். பேசிட்டே போலாம். வண்டி வாங்கறவன் வண்டியோட கதையையும் தெரிஞ்சுக்கணுமில்லைங்களா.

போட்டோவுல பாத்தாப் புது வண்டியாட்டமே இருக்குதே, ஏனுங்க விக்கறீங்கன்னு கேட்டீங்க. நல்ல கேள்வி. கேக்காம வாங்கறவன்தான் முட்டாள். சொல்றேன். நான் மறைக்கற ஆள் கிடையாது. பொன்னுரங்கம்னா கோயமுத்தூர்ல எல்லா இன்சூரன்ஸ் ஆபீசுலயும் தெரியும். ரிட்டயர் ஆகற வரைக்கும் மோட்டார் சர்வேயர். மோதின வண்டியைப் பாத்து, எப்படி மோதிச்சு, யாரு மேல தப்புன்னு எழுதிக் குடுக்கற வேலை. ஒரு நசுங்கலைப் பாத்தாப் போதும், அந்த நேரத்துல டிரைவர் தூங்கினானா, போன் பேசினானா, குடிச்சிருந்தானான்னு சொல்லிப்போடுவேன். டிரைவருங்க அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடுவானுங்க. "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க சார்." நான் சிரிப்பேன். ரோட்டுல எதுவும் திடீர்னு வராதுடா, நீ பாக்கலைன்னு அர்த்தம்னு சொல்லுவேன்.

என்னங்க? யாரு? ஓ, அந்த மொபெட்டா. அவன் அத்தனை ஓரமா வந்தா நான் என்ன பண்றது? போகட்டும் விடுங்க.

கெஸ்ட்ரா வந்த புதுசுலயே நான் வாங்கிட்டேனுங்க. பொண்ணு சுகன்யாவுக்குக் கல்யாணம் பண்ணின வருசம். அப்ப இந்தச் சின்ன எஸ்யூவிங்கற சாமானே ஊருக்குப் புதுசு. காரை விட உசரம், ஜீப்பை விட அடக்கம். எத்தனையோ வண்டியைப் பிரிச்சுப் பாத்தவன் நான், சொல்றேன் கேட்டுக்குங்க. முதல் மாடல்தான் மாடல். கண்ணாடியைப் பாருங்க, எத்தனை அகலம். அந்தக் கண்ணாடியைத் தாங்கற இந்த முன்னாடித் தூணைப் பாருங்க, எத்தனை ஒல்லி. உக்காந்தா பானெட் முழுசும் தெரியும். பழனி, குருவாயூர், மைசூர், எங்க போகாம விட்டோம்? ஒரு கீறல் விழுந்ததில்லை. பக்கத்து சீட்டுல எங்க வீட்டுக்காரி வருவா. மரகதம். அவளுக்கு வாயே ஓயாது. "ஏனுங்க, லெப்ட்ல சைக்கிள். ஏனுங்க, அந்தப் பஸ்ல இருந்து ஆள் இறங்குது. ஏனுங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க." வீட்டை விட்டுக் கிளம்புனா திரும்பி வந்து சேர்ற வரைக்கும் இதேதான். உள்ளுக்குள்ள ஒரு ரேடியோ வச்ச மாதிரி. நானும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டுவேன். அந்தத் தொல்லையோட ஓட்டியும் கீறல் இல்லைன்னா, வண்டி எப்பேர்ப்பட்ட வண்டின்னு பாத்துக்குங்க.

அதைப் போய்க் குடுத்துட்டு, இது வேற வண்டிங்க, ரெண்டாவது மாடல் எடுத்தேன். புத்தம் புதுசு. அதுதான் நான் பண்ணின முட்டாள்தனம்.

வந்த மாசமே சுகன்யாவுக்குப் பிரசவம்னு மரகதம் பெங்களூர் போயிட்டா. நான் தனியா ஓட்டறேன். முதல்ல இடது பக்கக் கண்ணாடி போச்சு. காய்கறி மார்க்கெட் சந்துல ஏதோ லைட் கம்பத்துல தட்டி ஒடைஞ்சுது. சரி, சந்து குறுகல். அப்பறம் ஒரு பாலத்துக் கட்டைச் சுவர். அப்பறம் நின்னுட்டு இருந்த ஆட்டோ. அப்பறம் நம்ம வீட்டு கேட்டு. அத்தனையும் இடது பக்கம். நல்லாக் கவனிங்க, ஒண்ணு கூட வலது பக்கம் இல்லை. சர்வேயரில்லைங்களா, சும்மா விடுவேனா? போட்டோ எடுத்து வரிசையா வச்சுப் பாத்தேன். ஒரே பக்கமே அடிபடுதுன்னா அது டிரைவர் தப்பு இல்லை. டிசைன் தப்பு. அந்த மாடல்ல முன்தூணைத் தடியாக்கிப்போட்டாங்க. ஒரு ஆளே அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம். கம்பெனிக்கு எழுதினேன். ஒரு இன்ஜினியர் பையன் வந்தான், ஓட்டிப் பாத்தான், "ஒண்ணும் தெரியலைங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டான். சம்பளம் வாங்கறவன் வேற எப்படிச் சொல்லுவான்?

மரகதம் பெங்களூர்ல இருந்து வந்ததும் அந்த வண்டி கொஞ்சம் அடங்கிப்போச்சு. அதையும் சொல்லணும். பழகப் பழக வண்டி நம்ம கைக்கு வரும்னு சொல்லுவாங்க பாருங்க, அந்த மாதிரி. மறுபடி அவ மூட்டு வலின்னு மூணு மாசம் வீட்டோட கிடந்தா. வண்டி மறுபடி பழைய புத்தியைக் காட்டிருச்சு. வேண்டாம் சாமின்னு தள்ளி விட்டுட்டேன்.

ஏன் தம்பி காலை அழுத்தறீங்க? உங்க பக்கம் பிரேக் இல்லைங்க. குஞ்சப்பனை தாண்டிட்டோம், இனி வளைவு வளைவாத்தான் வரும். மலை ரோட்டுல பள்ளத்துப் பக்கம் பாக்கக் கூடாது. என்னைப் பாத்துட்டு வாங்க. மூடுபனி வேற இறங்குது. இந்த நேரத்துக்கு இது எப்பவும் உள்ளதுதான்.

நீங்க ஓட்டறீங்களா? எதுக்கு? உங்களுக்கு இந்த ரோடு புதுசு. எனக்கு இது வீட்டுக் கூடம் மாதிரி.

மூணாவது மாடலுக்கு வர்றேன். உங்க வண்டி. வசதியில குறையே சொல்ல முடியாதுங்க. பொய் சொல்லி விக்க மாட்டேன், உண்மையாவே சொகுசு. சுத்தி கேமரா. டிவி மாதிரி முன்னாடி ஒரு திரை. பக்கத்துல ஏதாவது வந்தா கீ கீன்னு கத்தும். அதுதாங்க பிரச்சனை. கடையில இருந்து வெளியில எடுத்த நிமிசத்துல இருந்து கத்துது. அதுவும் எந்தப் பக்கம்ங்கறீங்க? இடது பக்கம். பாத்தா அங்க ஒண்ணுமே இருக்காது. நான் பாக்கறேன், ஒண்ணுமே இல்லை, இது கத்துது. சர்வீஸ்காரன் சென்சார் சரியா இருக்குதுன்னு சாதிக்கறான். போடான்னு சொல்லிட்டு அந்தச் சத்தத்தை நானே நிறுத்திப்போட்டேன். நீங்க வேணும்னா திருப்பிப் போட்டுக்கலாம், திரையில இருக்குது.

அந்தக் கத்தல் ஒரு பக்கம்னா மரகதம் கத்தல் இன்னொரு பக்கம். "ஏனுங்க, லெப்ட்ல ஆளு. ஏனுங்க, லெப்ட்ல மாடு." ஒரு நாள் எனக்குத் தாங்கலை. அவங்க அண்ணன் குடும்பம் பின் சீட்டுல இருக்குது, அவங்க முன்னாடியே சொல்லிட்டேன். "இத்தனை விலை குடுத்து வாங்கின வண்டிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? இனி வண்டியில வாயைத் திறந்தீன்னா நடு ரோட்டுல இறக்கி விட்டுருவேன்"னேன். கோபத்துல எல்லாரும் சொல்றதுதானுங்களே. அவ ஒண்ணும் பேசலை. அன்னைக்கு மட்டும் இல்லை, அப்பறமும் பேசலை. வண்டியில ஏறுவா, கையை மடியில வச்சுக்குவா, நேராப் பாத்துட்டு வருவா. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு.

அப்பறம்தான் அது நடந்துச்சு.

உங்ககிட்ட மறைச்சு விக்கறது பாவம். சொல்லிடறேன். அந்த வண்டி ஒரு ஆளை அடிச்சுப்போட்டுது.

சாயங்காலம்தானுங்க, இதே மாதிரி நேரம். அரவேனு தாண்டி. தேயிலைக் கொழுந்து பறிக்கற பொம்பளைங்க, பறிச்சதை எடை போட்டு முடிச்சுட்டு ரோட்டோரமா வரிசையாப் போயிட்டு இருந்திருக்காங்க. இருந்திருக்காங்கன்னு அப்பறம் சொன்னாங்க. எனக்கு ரோடு காலியாத்தான் தெரிஞ்சுது. பளிச்சுன்னு காலி ரோடு. திடீர்னு ஒரு சத்தம். யோகேஸ்வரின்னு பேரு, அந்தப் பொம்பளைக்கு. திடீர்னு குறுக்க வந்துட்டா. மரகதமும் கத்தினா, ஆனா சத்தம் கேட்ட பிறகு கத்தினா. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை தம்பி. அவ பாத்திருக்கா. அத்தனை பேர் போறதைப் பாத்துட்டே வந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? கேட்டதுக்கு, "உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன். கடைசி வரைக்கும் ஒதுங்குவீங்கன்னே நெனைச்சேன்"னு சொல்றா.

இல்லைங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகலை. தொடையில கம்பி வச்சிருக்காங்க. நடக்கறா, மெதுவா. மலைச்சரிவுல ஏறிக் கொழுந்து பறிக்கத்தான் முடியாது. அவ புருசன் எப்பவோ போயிட்டான், ரெண்டு பொண்ணுங்க. நான் போய்ப் பாத்தேன். "ஐயா, நான் ஓரத்துலதான் போனேன், வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலதான் போனேன்"னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னா. என்ன பண்றது? அடிபட்டவங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும். எங்க சர்வேயர் பையன் ஒருத்தன், நான் தொழில் சொல்லிக் குடுத்தவன், அவன்தான் பாத்து எழுதினான். பாதசாரி குறுக்கே வந்ததாகத் தெரிகிறதுன்னு. நானும் போய் அந்த இடத்தைப் பாத்தேன். ஒண்ணு கவனிச்சேன். ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்லை. ஒரு அடி கூட இல்லை. அதுக்கு என்ன அர்த்தம்? பிரேக் பிடிக்கலை. சர்வீஸ்ல கழட்டிப் பாத்துட்டு பிரேக் அருமையா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டானுங்க. அந்தக் காகிதம் வீட்டுல இருக்குது, உங்களுக்குக் காட்டறேன். அதனால நீங்க பயப்பட வேண்டாம்.

அங்க என்னங்க கையைக் காட்டறீங்க? கல்லா? ஆமா, கல்லுத்தான். தெரியுது. சத்தமாச் சொல்லாதீங்க தம்பி, எனக்குப் படபடன்னு வருது.

அன்னையில இருந்து மரகதம் என் வண்டியில ஏறறதில்லை. அதுதான் எனக்குக் குறை. வேற ஒரு குறையும் இல்லை. எங்க போனாலும் பஸ். ரேசன் கடைக்குக் கூட பஸ்ல போறா. ஊரு பாக்குதில்லைங்களா? ரெண்டு வண்டியை ஷெட்டுல வச்சுட்டுப் பொண்டாட்டியைப் பஸ்ல அனுப்பறான் பாருன்னு. வாரா வாரம் அந்த யோகேஸ்வரி இருக்கற எஸ்டேட் லயன் வீட்டுக்கு வேற போறா. கொழம்பு வச்சு எடுத்துட்டுப் போறா. துணி தொவைச்சுப் போடறா. அங்க ஒரு வீடே நடத்தறா. என்கிட்ட அளவாப் பேச்சு. ஒரு நாள்தான் வாயைத் திறந்தா. "வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான் கண்ணு தெரியலை. எத்தனையோ வருசமாத் தெரியலை. நான் சொல்லிச் சொல்லி ஓட்ட வச்சேன். அதுதான் நான் செஞ்ச பாவம்." இதே வார்த்தை. எப்படி இருக்கும் எனக்கு? ஊரான் வண்டியெல்லாம் பாத்துத் தீர்ப்புச் சொன்னவனுக்குக் கண்ணு தெரியலையாம்.

சரி, அதையும் பாத்துருவோம்னு கோயமுத்தூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவ கூடவே போனேன். போர்டுல கடைசி வரி, எறும்பு மாதிரி எழுத்து, கடகடன்னு படிச்சேன். மரகதம் மூஞ்சியைப் பாக்கணுமே. அப்பறம் ஒரு மிஷின்ல முகத்தை வைக்கச் சொன்னாங்க. உள்ள சின்னச் சின்னதா லைட்டு எரியும், எரியறப்ப பட்டனை அமுக்கணும். பாதி லைட்டு எரியவே இல்லைங்க. இடது பக்கம் மொத்தமும் செத்துக் கிடக்குது. "ஏம்மா, மிஷினைச் சரி பண்ணுங்கம்மா"ன்னேன். அந்தப் பொண்ணு பாவம், வேற ரூமுல வேற மிஷின்ல உக்கார வச்சா. அதுலயும் அதே கோளாறு. பெரிய ஆஸ்பத்திரி, பேருதான் பெரிசு. அந்த மிஷின் குடுத்த காகிதத்தை வச்சுட்டு டாக்டரம்மா சொல்லுது, கண்ணுக்குள்ள அழுத்தம், நரம்பு போயிட்டே இருக்குது, போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாத்தச் சொட்டு மருந்து போடுங்க, வண்டியைத் தொடாதீங்கன்னு. சுகன்யா போன்ல அழறா. சொட்டு மருந்து ரெண்டு வாரம் போட்டேன். எரிச்சல் தாங்கலை. விட்டுட்டேன்.

நான் என்ன முடிவு பண்ணினேன்னா, பேசி என்ன ஆகப் போகுது, காட்டிருவோம். பழைய முதல் மாடல் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு ஓட்டிக் காட்டிருவோம். பொள்ளாச்சியில ஒரு டாக்டர் வச்சிருந்தார். போய்ப் பாத்தேன். பழைய வண்டி வாங்கறதுன்னா கதவு ரப்பரைப் பிரிச்சுப் பாக்கணும், பானெட் போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கான்னு பாக்கணும், கீழ குனிஞ்சு துரு பாக்கணும். அத்தனையும் பாத்தேன். சுத்தமான வண்டி. போன வாரம் எடுத்துட்டு வந்தேன். மரகதம் வாசல்ல நின்னு பாத்தா, உள்ள போயிட்டா. இதுல ஒரு குறையும் தெரியலை எனக்கு. நீங்க ஏறறப்ப இடது பக்கக் கதவுல ஒரு கோடு பாத்திருப்பீங்க. அது வாங்கறப்பவே இருந்துச்சுன்னு நெனைக்கறேன்.

பனி நல்லா இறங்கிருச்சு. லைட்டைப் போட்டுக்கலாம்.

என்ன தம்பி? யாரு கூப்பிடறா? பொம்பளையா? எங்கேங்க, எந்தப் பக்கம்? கையைக் காட்டி நிறுத்தச் சொல்றாங்களா? தாண்டிட்டோமா? இருங்க, இருங்க, ஓரம் கட்டறேன்.

அட. நம்ம மரகதம். லயன் வீட்டுக்குப் போயிட்டு பஸ்ஸுக்கு நிக்கறா போல. என்னத்துக்கு இப்படி ஓடி வர்றா? மரகதம், இவர்தான் கோபியில இருந்து வர்றேன்னு சொன்னாரே, அந்தத் தம்பி. வண்டி பாக்க வந்திருக்கார்.

என்ன? எதுக்கு அவரை இறங்கச் சொல்றே? விருந்தாளியை நடு ரோட்டுல இறக்கறதா? பேசறதைத் தெரிஞ்சுதான் பேசறியா? வண்டியை இங்கயே விட்டுட்டு நானும் பஸ்ல வரணுமா? முடியாது. கொழுந்து எடை போட்டு முடிஞ்சா முடியட்டும். பொம்பளைங்க ரோட்டுல நடந்தா நடக்கட்டும், ரோடு என்ன அவங்களுக்கு மட்டுமா? நான் பாத்துத்தான் போவேன். சாவியெல்லாம் தர முடியாது. கையை எடு.

தம்பி, நீங்க ஏன் இறங்கறீங்க? அவ சொன்னான்னு இறங்கிருவீங்களா? உங்க முகம் ஏன் இப்படி வேர்த்துக் கிடக்குது? சரி, உங்க இஷ்டம். அடுத்த பஸ் இப்ப வந்துரும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி சர்வேயர் வீடுன்னு கேளுங்க.

மரகதம்? நீ எங்க இந்தப் பக்கம் வர்றே?

ஏறறா. தம்பி, பாத்தீங்களா? ஏறிட்டா. நீங்க இறங்கின சீட்டுலயே உக்காந்துட்டா. எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா அவ என் வண்டியில ஏறி? நான் சொன்னேனில்லைங்க, கோளாறு வண்டியிலதான்னு. பழைய மாடலைப் பாத்ததும் அவளுக்கே நம்பிக்கை வந்துருச்சு. அழாதே மரகதம், தம்பி பாக்கறார். பெல்ட்டைப் போடு. கையை எதுக்கு ஹேண்ட் பிரேக்குல வச்சுட்டு இருக்கே? எடு. எடுக்க மாட்டியா? சரி, வச்சுக்கோ.

வச்சுட்டு வரட்டும் தம்பி. முதல் மாடல்ல அது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல பெரிய கம்பியா இருக்கும், யார் வேணும்னாலும் இழுக்கலாம். உங்க வண்டியில அப்படி இல்லைங்க. ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் கதவோரமா ஒரு சின்ன பட்டன். பக்கத்து சீட்டுல இருக்கறவங்களுக்கு எட்டாது.